மலைப் பள்ளியின் பழைய மாணவர் மடலும் வட்டமிடாத 19 பேரும்

அன்புள்ள அம்மா,

போன வாரம் பையனின் மேற்படிப்பு பற்றி ஆலோசனை கேட்க வந்தபோது என் மேஜையில் வைத்துவிட்டுப் போனீர்களே, அந்த எட்டுப் பக்க மடலை மூன்று முறை படித்துவிட்டேன். ஏற்காட்டில் உங்கள் பையன் படிக்கும் பள்ளி, தன் பழைய மாணவர்களிடம் "எங்கே இருக்கிறீர்கள், என்ன செய்கிறீர்கள்" என்று கேட்டு வாங்கித் தொகுத்தது. மொத்தம் 23 பேர் எழுதியிருக்கிறார்கள். ஒரு டாக்டர், இரண்டு சாஃப்ட்வேர், ஒரு துபாய் என்று நான்கு பேரை மட்டும் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு, ஓரத்தில் "மீதி?" என்று எழுதியிருக்கிறீர்கள்.

வகுப்புக்குப் பதினாறு பிள்ளைகள் படிக்கிற பள்ளியில் பையனை விட்டு வைத்தது தப்போ என்ற பயம் அந்தக் கேள்விக்குறியில் தெரிகிறது. பத்தாவது முடிவு வந்த கையோடு நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளிக்கு மாற்றிவிடலாம் என்று வீட்டுக்காரர் சொல்வதாகவும், நீங்கள் இரண்டுங்கெட்டானாக இருப்பதாகவும் சொன்னீர்கள். முடிவு எடுக்க இன்னும் நாள் இருக்கிறது. முதலில் அந்த மடலை எப்படிப் படிப்பது என்று பார்ப்போம்.

நீங்கள் வட்டமிட்ட டாக்டரையே எடுத்துக்கொள்வோம். அவர் எம்.பி.பி.எஸ். சேர்ந்தது 2011-ல். அந்த வருடங்களில் தமிழ்நாட்டில் மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் பிளஸ் டூ மார்க்தான் எல்லாம். அதற்கு முன்னால் மாநில நுழைவுத் தேர்வு இருந்தது, 2007 சேர்க்கையிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். 2017-ல் மருத்துவத்துக்கு நீட் வந்துவிட்டது. ஆக, அவர் நுழைந்த வாசல் பத்து வருடம்தான் திறந்திருந்தது. இப்போது அந்த வாசலே இல்லை. "இந்தப் பள்ளியில் படித்து ஒருவர் டாக்டர் ஆகியிருக்கிறாரே" என்று நீங்கள் ஆறுதல்படவும் வேண்டாம், "ஒருவர்தானே" என்று வருத்தப்படவும் வேண்டாம். அவர் கதையால் தம்பிக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. பழைய மாணவர் எவருடைய செய்தியைப் பார்த்தாலும் முதலில் பிளஸ் டூ முடித்த வருடத்தைப் பாருங்கள். அப்புறம் வேலையைப் பார்க்கலாம்.

துபாய்க்காரரைப் பற்றி ஒரே வரி. "வெல் செட்டில்டு" என்று எழுதுகிறவர்களிடம் நான் எப்போதும் கேட்பது: குடும்பம் கூட இருக்கிறதா?

நீங்கள் வட்டமிடாத ஒருவர் ஐந்தாம் பக்கத்தில் இருக்கிறார். "பெங்களூரில் காபித் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறேன்" என்று ஒரே ஒரு வரி. அவரை எனக்குத் தெரியும். பிளஸ் டூ முடித்துவிட்டு, கையில் சுமாரான மார்க்கோடு இதே நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர். சேலம் அரசு கலைக் கல்லூரியில் தாவரவியல் கிடைத்தது. கிடைத்ததால் சேர்ந்தார், விரும்பி இல்லை. மூன்றாம் வருட முடிவில் இரண்டு அரியர். அப்பா பேசுவதை நிறுத்திவிட்டார். மலைக்குத் திரும்பி ஒரு காபி எஸ்டேட்டில் ரைட்டர் வேலைக்குப் போனார். பழம் பறிக்கிற சீசனில் யார் எத்தனை கிலோ பறித்தார்கள் என்று எடை போட்டு நோட்டில் ஏற்றுகிற வேலை. சேர்வராயன் மலையில் அந்த சீசன் நவம்பர் வாக்கில் தொடங்கி பிப்ரவரி வரை இழுக்கும். அந்தக் களத்தில்தான், தோல் நீக்கிக் காயவைத்த கொட்டையை ஒரு நாள் தாமதமாகத் திருப்பிப் போட்டால் வாசனை எப்படிக் கெடுகிறது என்பதை அவர் மூக்கு கற்றுக்கொண்டது. தோட்டத்துக்கு வந்த ஒரு வியாபாரி இவர் மூக்கைக் கண்டுபிடித்தார் என்றுகூடச் சொல்லலாம்.

இந்தியக் காபி வாரியம் காபித் தர மேலாண்மையில் ஒரு வருட முதுநிலை டிப்ளமா நடத்துகிறது. ஒரு பகுதி சிக்மகளூர் மாவட்டத்துப் பாலேஹொன்னூர் ஆராய்ச்சி நிலையத்தில், மீதி பெங்களூரில். சேர்வதற்கு அறிவியல் பட்டம் வேண்டும். அப்போதுதான் அவருக்கு அந்த இரண்டு அரியர் உறைத்தது. உட்கார்ந்து படித்து எழுதி முடித்துவிட்டுப் போனார். இன்று ஒரு காபி வறுவல் நிறுவனத்தில் வரிசையாகக் கோப்பைகளை வைத்துக் கரண்டியால் உறிஞ்சி உறிஞ்சி மதிப்பெண் போடுகிறார். கப்பிங் என்பார்கள். என் மனைவி போடும் காபியைப் பற்றி ஒரு முறை கருத்துச் சொன்னார். அதிலிருந்து அவர் வந்தால் எங்கள் வீட்டில் டீதான்.

இதை ஏன் இத்தனை விரிவாகச் சொல்கிறேன்? மடலில் அவர் எழுதியது ஒரு வரி. இடையில் போன வருடங்கள் அதில் இல்லை. பதினெட்டு வயதில் சேர்ந்தது ஒன்று, இருபத்து மூன்றில் செய்தது வேறொன்று, இருபத்தேழில்தான் இது. மடலில் இருக்கிற மற்றவர்களுக்கும் இப்படி ஒரு இடைவெளி இருக்கும். தம்பிக்கு எது உதவும் என்றால், அந்த இடைவெளியில் அவர்கள் யாரிடம் போய்க் கேட்டார்கள், பணத்துக்கு என்ன செய்தார்கள் என்பதுதான். அதை மடல் சொல்லாது. ஆளைக் கூப்பிட்டுத்தான் கேட்க வேண்டும்.

ஆறாம் பக்கத்தில் ஒரு பெண் இருக்கிறாள். ஓசூரில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் தர ஆய்வுப் பொறியாளர். அவள் பத்தாவதோடு அந்தப் பள்ளியை விட்டுப் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் சேர்ந்தபோது, "பிளஸ் டூ படிக்க வக்கில்லாமல் போகிறாள்" என்று உறவில் பேசினார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். பத்தாவதுக்குப் பிறகு டிப்ளமா 3 வருடம். அதை முடித்தவர்கள் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம், அது ஒரு 3 வருடம். மொத்தம் 6. பிளஸ் ஒன், பிளஸ் டூ, பி.இ. 4 வருடம் என்று போனாலும் அதே 6 தான். வித்தியாசம் என்னவென்றால், பாதி வழியில் வீட்டில் ஏதாவது கஷ்டம் வந்தால் டிப்ளமாக்காரி கையில் ஒரு சான்றிதழ் இருக்கும், லேத்தில் நின்ற அனுபவமும் இருக்கும். அவள் அந்த நேரடிச் சேர்க்கைக்குக் காரைக்குடியில் நடந்த கலந்தாய்வுக்குப் போய் இடம் வாங்கியவள். சேலத்தில் தியாகராசர் பாலிடெக்னிக் 1958-லிருந்து இருக்கிறது, கருப்பூரில் அரசு பொறியியல் கல்லூரி 1966-லிருந்து இருக்கிறது. இத்தனை பக்கத்தில் இருந்தும் இந்தப் பாதையைக் கேட்டுக்கொண்டு என்னிடம் வருகிறவர்கள் வருடத்துக்கு நாலைந்து பேர்கூட இல்லை. கௌரவம் தடுக்கிறது.

சரி, மடலில் எழுதாதவர்களுக்கு வருகிறேன். வகுப்புக்குப் பதினாறு பேர் என்றால் பத்து வருடத்தில் 160 பேர். எழுதியவர்கள் 23. நல்ல செய்தி வைத்திருப்பவன் எழுதுவான், மற்றவன் "அப்புறம் பார்க்கலாம்" என்று விட்டுவிடுவான். எல்லாப் பள்ளியிலும் இதுதான் கதை. ஆயிரக்கணக்கில் பிள்ளைகள் படிக்கிற பள்ளியில் முதல் ஐம்பது பேர் படம் ஃபிளெக்ஸ் பேனரில் ஏறுகிறதே, அதுவும் இதே கணக்கில்தான். அங்கே மீதிப் பேர் கூட்டத்தில் மறைந்துபோகிறார்கள், சின்னப் பள்ளியில் கண்ணுக்குத் தெரிகிறார்கள். அவ்வளவுதான்.

எழுதாதவர்களில் ஒருவர் ஏற்காடு மலைப்பாதையில் வாடகைக் கார் ஓட்டுகிறார். போன மே மாதக் கோடை விழாக் கூட்டத்தில் அவர் வண்டியில்தான் மேலே போனேன். இருபது கொண்டை ஊசி வளைவிலும் பேசிக்கொண்டே வந்தார். ஒரு தனியார் கல்லூரியில் பி.இ. படித்தவர். கல்விக் கடன் வாங்கியிருக்கிறார். முடித்ததும் கிடைத்த வேலையின் சம்பளம் அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் சரியாகப் போனது. திரும்பி வந்துவிட்டார். "மடலுக்கு நான் என்னத்த சார் எழுதறது?" என்றார். நான் சொன்னேன், நீங்கள்தான் எழுத வேண்டியவர் என்று. அண்ணா பல்கலைக்கழகம் தன் கீழ் உள்ள கல்லூரிகளின் தேர்ச்சி விகிதத்தைப் பருவத்துக்குப் பருவம் பட்டியலாக வெளியிடுகிறது. அதைப் பார்க்காமல், கல்லூரிப் பேருந்து வீட்டு வாசலுக்கு வருகிறது என்பதற்காகச் சேர்ந்தவர் அவர். சேர்ந்த வருடம் அந்தக் கல்லூரி பட்டியலில் எந்த மூலையில் இருந்தது என்பது பிறகுதான் தெரிந்ததாம். இந்த ஒரு தகவல், நீங்கள் வட்டமிட்ட நான்கு பேரும் சொல்லக்கூடியதைவிடத் தம்பிக்குப் பயன்படும். காரும் இப்போது அவருடைய சொந்தக் கார்தான், கடனும் முடியப்போகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இனி நாமக்கல். அந்த மாதிரி விடுதிப் பள்ளிகளை நான் மொத்தமாகத் திட்டுகிறவன் இல்லை. அங்கே போய்த் தேறிய பிள்ளைகளை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். போட்டி போட்டுப் படிப்பதில் ருசி உள்ள பிள்ளைகள் அவர்கள். ஆனால் அங்கே விசாரிக்கும்போது ஒன்றைக் குறிப்பாகக் கேளுங்கள்: பதினொன்றாம் வகுப்புப் பாடத்தை முழுதாக நடத்துகிறார்களா? முன்பு பல இடங்களில் பிளஸ் ஒன்னிலேயே பிளஸ் டூ பாடத்தைத் தொடங்கிவிடுவார்கள். அதைத் தடுக்கத்தான் 2017-18-ல் பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு கொண்டுவந்தார்கள். 2025-26 முதல் அந்தத் தேர்வு இல்லை. பழைய பழக்கம் திரும்பி வர எத்தனை நாள் ஆகும்? நீட், ஜே.இ.இ. இரண்டிலும் பதினொன்றாம் பாடம் உண்டு. அதைத் தாண்டிக் குதித்த பிள்ளை அங்கேதான் விழும்.

மருத்துவம், பொறியியல் சேர்க்கையில் இருக்கிற, வீட்டுக்காரர் கேட்ட 7.5 சதவீத ஒதுக்கீடு பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானது. பிளஸ் ஒன்னுக்கு மட்டும் அரசுப் பள்ளிக்கு மாற்றினால் கிடைக்காது.

மலைப் பள்ளிக்கும் குறை இருக்கிறது, மறைக்க மாட்டேன். பிளஸ் ஒன்னில் இரண்டே குரூப்: கணிதம்-உயிரியல், காமர்ஸ். கம்ப்யூட்டர் சயின்ஸ் கிடையாது. மேலே வந்து தங்க ஆள் கிடைக்காமல் இரண்டு வருடத்தில் மூன்று வேதியியல் ஆசிரியர் மாறிவிட்டார்கள் என்று நீங்களே சொன்னீர்கள். தம்பி அறிவியல் குரூப் எடுப்பதாக இருந்தால், நேரே தலைமையாசிரியரிடம் போய், அடுத்த இரண்டு வருடம் வேதியியலும் இயற்பியலும் யார் எடுக்கிறார்கள் என்று பெயரைக் கேளுங்கள். பெயர் சொன்னால் அங்கேயே விடுங்கள். "ஏற்பாடு செய்கிறோம்" என்று இழுத்தால் கீழே சேலத்திலேயே வீட்டிலிருந்து போய்வருகிற மாதிரி ஒரு பள்ளியைப் பாருங்கள். ஐந்து வருடம் விடுதியில் இருந்த பையன். மறுபடியும் ஒரு விடுதிதான் வேண்டுமா என்று அவனை யாராவது கேட்டீர்களா?

குரூப்பைப் பற்றி இப்போதே அடித்துச் சொல்ல மாட்டேன். பொறியியல் கட்-ஆஃப் 200-க்கு: கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50. தம்பி கணிதத்தில் அறுபதைத் தாண்டத் திணறுகிறான் என்றால் பாதிக் கட்-ஆஃப் அங்கேயே அடிபடும். காமர்ஸ் எடுத்தால் மருத்துவமும் பொறியியலும் போய்விடும், கட்டடக் கலையும் போய்விடும், உண்மைதான். ஆனால் சி.ஏ.வுக்கு பிளஸ் டூவில் எந்த குரூப் எடுத்திருந்தாலும் பரவாயில்லை, சட்டப் படிப்புக்கும் அப்படியே.

இன்னொன்றும் இருக்கிறது. மடலை எடுக்கும்போது உங்கள் பையிலிருந்து ஒரு நோட்டும் கூடவே வந்து விழுந்தது. உங்கள் செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறையில் விடுமுறை நாளில் உட்கார்ந்து அவன் வரைந்த கொலுசு மாதிரிகள். "வேலையைக் கெடுத்துக்கொண்டு கிறுக்குகிறான்" என்று சொல்லி அவசரமாக உள்ளே வைத்துவிட்டீர்கள். நான் பார்த்த இரண்டு பக்கத்தில் சலங்கை தொங்கும் இடத்தில் கண்ணிக்கு எத்தனை சுற்று கம்பி என்றுகூடக் குறித்திருந்தான். பற்றவைப்பு எங்கே வரும் என்று தெரிந்தவன்தான் அப்படி வரைவான். நிஃப்ட் என்கிற தேசிய ஃபேஷன் கல்வி நிறுவனங்களில் அக்சசரி டிசைன் என்று ஒரு படிப்பே இருக்கிறது, நகையும் அதில் அடக்கம். நுழைவுத் தேர்வு உண்டு, பிளஸ் டூவில் எந்த குரூப் எடுத்திருந்தாலும் எழுதலாம். செலவு கூடுதல்தான், அதை மறைக்கவில்லை. அவன் அதற்குத்தான் போக வேண்டும் என்றும் சொல்லவில்லை. தலைமுறையாக வெள்ளியை உருக்குகிற வீட்டில் வரைகிற பையன் ஒருவன் இருக்கிறான், அவ்வளவுதான் எனக்கு இப்போது தெரியும்.

மடலில் இருக்கும் ஓசூர்ப் பெண்ணுக்கும் பெங்களூர்க்காரருக்கும் நான் சொல்லி வைக்கிறேன். போனில் பேசுவது தம்பியாக இருக்கட்டும், நீங்கள் பக்கத்தில் நிற்க வேண்டாம். சம்பளம் எவ்வளவு என்று கேட்கச் சொல்லாதீர்கள். முதல் வேலை எப்படிக் கிடைத்தது, எதில் ஏமாந்தார்கள் என்று அவனே கேட்டுக்கொள்ளட்டும். கார் ஓட்டுபவரிடமும் கேட்கிறேன், அவருக்குச் சம்மதம் என்றால் மட்டும்.

நாமக்கல் பள்ளிக்கு முன்பணம் கட்டுவதை இன்னும் பத்து நாள் தள்ளிப்போடச் சொல்லுங்கள். சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பையனை மட்டும் அனுப்புங்கள், அந்த நோட்டோடு. நீங்களும் வீட்டுக்காரரும் பதினொன்றரைக்கு வந்தால் போதும்.