ஊர் எல்லையில் 600 மனைகள்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: அயோத்தியாப்பட்டணம் பக்கம், சேர்வராயன் மலையடிவாரத்தில் இருக்கிறது எங்கள் ஊர். மரவள்ளி போட்டுவந்த 40 ஏக்கரைச் சேர்த்து வாங்கி, 600 மனைகள் கொண்ட மனைப்பிரிவு அமைக்கப் போவதாகச் சொல்கிறார்கள். நிலத்தின் குறுக்கே மழைக்காலத்தில் மட்டும் தண்ணீர் போகும் ஓடை ஒன்று உள்ளது. ஊர்க்காரர்களாகிய நாங்கள் முதலில் எதைக் கேட்க வேண்டும்?

பதில்: ஓடையைப் பற்றித்தான் கேட்க வேண்டும். சாலை எத்தனை அடி, பூங்கா எந்த மூலையில் என்பவை எல்லாம் அதற்குப் பின்னால் வர வேண்டியவை.

சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்திலும், ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. இந்த இறக்கத்தில் வரும் மழைநீர்தான் கன்னங்குறிச்சிப் புதுஏரியையும் மூக்கனேரியையும் நிரப்புகிறது. திருமணிமுத்தாறாக நகரத்தின் நடுவே ஓடி, நாமக்கல் மாவட்டத்தில் காவிரியில் சேர்கிறது. தாங்கள் சொல்லும் ஓடையும் அந்த மலையிலிருந்து தண்ணீரை இறக்கும் வழிகளில் ஒன்றாகவே இருக்க வேண்டும். மலைத்தண்ணீரை விட்டுவிட்டு, அந்த 40 ஏக்கரில் நேராக விழுவதை மட்டும் பாருங்கள். ஓர் இரவில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் அந்த நிலத்தில் விழுவது ஏறத்தாழ 81 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் பிடிக்கும் டேங்கர் லாரியில் அளந்தால் 670 லாரிக்கு மேல் வரும். உழுத மரவள்ளிக் காடு அதில் ஒரு பங்கைக் குடித்துக்கொள்ளும். மொட்டை மாடியும் சிமெண்ட் சாலையும் குடிக்காது. விழுந்தது விழுந்தபடி பள்ளத்தை நோக்கி ஓடும். அந்தப் பள்ளத்தில் இருப்பது தங்கள் ஊராக இருக்கலாம்.

ஆகவே கிராம வரைபடம், எந்தப் புல எண் பட்டா, எது புறம்போக்கு என்று காட்டும் வருவாய்த் துறையின் அ-பதிவேடு, சம்பந்தப்பட்ட புல எண்களின் எல்லையை அளவோடு காட்டும் புலப்படம் ஆகிய மூன்றையும் வாங்கி ஒன்றாக வைத்துப் பாருங்கள். ஓடை தனிப் புல எண்ணாகப் புறம்போக்கில் இருந்தால் அதை விற்கவோ, அடைக்கவோ, வளைத்துவிடவோ எந்த உரிமையாளருக்கும் அதிகாரம் இல்லை. பட்டா நிலத்துக்குள்ளேயே ஓடுகிறது என்றால்தான் ஆபத்து அதிகம். பதிவேட்டில் தனியாகக் காட்டப்படாத ஓடையை வரைபடத்திலிருந்து அழிப்பது எளிது. அப்படியானால் ஊரின் சாட்சியம்தான் துணை. ஓடைக்கரையை ஒரு முறை நடந்து பாருங்கள். பனைமரத்தின் அடியில் முழங்கால் உயரத்தில் காய்ந்த சருகும் கிழிந்த உரச்சாக்கும் சுற்றிக்கொண்டு நிற்கும். வெள்ளம் சென்ற முறை எவ்வளவு உயரம் வந்தது என்பதற்கு அதுவே அளவுகோல். அளவு நாடாவை வைத்துப் படம் எடுத்து, புல எண்ணோடு எழுத்து மூலம் ஊராட்சியிடமும், மனைப்பிரிவுக்கு ஒப்புதல் தரும் நகர் ஊரமைப்பு அலுவலகத்திலும், நீர்வளத் துறையிலும் கொடுங்கள். அக்டோபர் 2 கிராம சபையில் இதைத் தீர்மானமாகப் பதியச் செய்து, நகலையும் கையோடு வாங்கி வையுங்கள். வரைபடத்துக்கு ஒப்புதல் கிடைத்த பிறகு கொடுக்கும் மனுவுக்கும் முன்னால் கொடுக்கும் மனுவுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு.

கேள்வி: எங்கள் பகுதியிலும் இதே நிலைதான். "ஓடைக்குக் குழாய் பதித்து மேலே சாலை போட்டுவிடுவோம், குடிநீருக்கு ஆழ்துளைக் கிணறுகள் போட்டுத் தருவோம்" என்கிறார்கள். இது போதுமா?

பதில்: இரண்டும் போதாது. நகரத்தின் விளிம்பில் இப்படிக் குழாய் பதித்த மனைப்பிரிவு ஒன்றில் என் உறவினர் குடியிருந்தார். இரண்டடிக் குழாயின் வாயில் முள்செடியும் தென்னை மட்டையும் அடைத்துக்கொண்ட ஒரு மழை இரவில், தண்ணீர் சாலையையே ஓடையாக்கிக்கொண்டு வீட்டுக்குள் வந்தது. அரிசி மூட்டையைக் கட்டிலின் மேல் ஏற்றிவிட்டு விடியும்வரை நின்றுகொண்டே இருந்தோம். அன்றிலிருந்து எந்த மனைப்பிரிவு வரைபடத்தைப் பார்த்தாலும் என் கண் முதலில் நீல நிறக் கோட்டைத்தான் தேடுகிறது. ஓடை திறந்தே இருக்க வேண்டும்; இரு கரையிலும் மரம் வைக்கவும் தூர்வாரும் இயந்திரம் போகவும் இடம் விட்டு, அதன் பிறகே வீதிகளை வரைய வேண்டும். சாலை குறுக்கிடும் இடத்தில் குழாய்க்குப் பதிலாக, ஆள் குனிந்து நுழைந்து சுத்தம் செய்யக்கூடிய அகலமான பாலம் கட்டச் சொல்லுங்கள்.

குடிநீருக்கு வருவோம். வீட்டுக்கு நான்கு பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற வழக்கமான அளவை வைத்தால், 600 வீடுகளுக்கு 3,24,000 லிட்டர் வேண்டும். அது தினமும் 27 டேங்கர் லாரித் தண்ணீர். சேலத்தின் அடிநிலம் கெட்டிப் பாறை. நீர் இருப்பது மேலடுக்கின் சிதைந்த பாறையிலும் கீழே உள்ள விரிசல்களிலும்தான். அந்த விரிசலை 600 வீடுகள் உறிஞ்சத் தொடங்கினால் பக்கத்துத் தோட்டத்துக் கிணறு முதலில் வற்றும். சேலம் மாநகருக்கே குடிநீர் மேட்டூரிலிருந்துதான் வருகிறது. எனவே கூட்டுக் குடிநீர்த் திட்டத்திலிருந்து இணைப்பு தருவதற்கான எழுத்து மூலமான உறுதி இருக்கிறதா என்று கேளுங்கள். கழிவுநீர் எங்கே போகும் என்பதையும் அதே மூச்சில் கேளுங்கள்; பதில் வராவிட்டால் அது ஓடைக்குத்தான் போகும்.

கேள்வி: புதிய மனைப்பிரிவில் மனை வாங்க இருக்கிறேன். வரைபடத்தில் பூங்கா என்று காட்டிய இடத்தில் போய்ப் பார்த்தால் பழைய கல்குழி இருக்கிறது. இது சரியா? (சேலம் வாசகி)

பதில்: சரியில்லை, அம்மா. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலைகள் போக மீதமுள்ள பரப்பில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒதுக்கி, தானப் பத்திரம் மூலம் உள்ளாட்சிக்கு எழுதித் தர வேண்டும். முதல் கேள்வியில் வந்த 40 ஏக்கரையே எடுத்துக்கொண்டால், சாலைக்கு 12 ஏக்கர் போக 2.8 ஏக்கர் பொதுவுக்கு வர வேண்டும். குழந்தைகள் விளையாட வேண்டிய அந்த இடத்தை, மனையாக விற்க முடியாத குழியில் கொண்டுபோய் வைப்பதை என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. தானப் பத்திரம் பதிவாகியிருக்கிறதா, அதில் உள்ள புல எண்ணும் நீங்கள் பார்த்த இடமும் ஒன்றுதானா என்று சரிபாருங்கள்.

500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட திட்டம் என்பதால் ரெரா (வீட்டுமனைத் திட்டங்களை ஒழுங்குபடுத்தும் ஆணையம்) பதிவு எண்ணும் கட்டாயம் இருக்க வேண்டும். பதிவு செய்த விற்பனை ஒப்பந்தம் போடுவதற்கு முன் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் முன்பணம் கேட்பதற்குச் சட்டத்தில் இடமில்லை. வாங்குபவர்கள் கொடுத்த பணத்தில் 70 சதவீதம் அந்தத் திட்டத்துக்கெனத் தனி வங்கிக் கணக்கில் இருக்க வேண்டும். ரெரா இணையதளத்தில் ஏற்றப்பட்டுள்ள வரைபடத்தை அச்செடுத்துக்கொண்டு, மழை பெய்த மறுநாள் காலையில் இடத்துக்குப் போங்கள். உங்கள் மனை எண்ணின் மேல் தண்ணீர் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள்.