சான் பிரான்சிஸ்கோவில் ஓடும் மிலான் டிராம்கள்: கேள்வி பதில்

கேள்வி: இத்தாலிய டிராம்கள் அமெரிக்காவுக்கு எப்படி வந்தன?

பதில்: 1982-ல் சான் பிரான்சிஸ்கோவின் கேபிள் கார்களை, அதாவது தெருவுக்கடியில் ஓடும் கம்பிவடம் இழுக்கும் வண்டிகளை, புதுப்பிக்க மொத்தமாக நிறுத்தினார்கள். ஊருக்கு வருகிறவர்களுக்கு வேறு ஏதாவது வேண்டுமே என்று 1983 கோடையில் மார்க்கெட் தெருவில் பல ஊர்ப் பழைய டிராம்களை ஓட்டினார்கள். வரவேற்பு அமோகம். 1987 வரை அந்த டிராம் விழா தொடர்ந்தது, 1995-ல் ‘எஃப்’ என்ற நிரந்தர டிராம் தடமாக நிலைபெற்றது. கூட்டம் தாங்காமல் 1998-ல் மிலானிலிருந்து 10 வண்டிகளை வரவழைத்தார்கள்.

கேள்வி: 1928-ல் செய்த வண்டியை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்? உதிரி பாகம் கிடைக்குமா?

பதில்: மிலானிலேயே அதே ரகம் இன்றும் அன்றாடம் ஓடுகிறது, அதனால் இது அருங்காட்சியகப் பொருள் அல்ல. இதைவிட எனக்குப் பிடித்த காரணம் ஒன்று உண்டு. இதன் வடிவமைப்பே அமெரிக்காவுடையது. கிளீவ்லாந்து நகர டிராம் நிர்வாகி பீட்டர் விட் வகுத்தது. முன்கதவில் ஏறி, நடுக்கதவில் இறங்க வேண்டும். கண்டக்டர் நடுக்கதவருகே உட்கார்ந்தபடியே காசு வாங்குவார். அதனால் ஏறும்போது யாரும் காசுக்காக வாசலில் நிற்கவேண்டியதில்லை, வண்டி சீக்கிரம் கிளம்பிவிடும். மிலான் இதைப் பார்த்து 500 வண்டிகள் செய்துகொண்டது.

கேள்வி: வேறு நாட்டு வண்டி இங்கே தண்டவாளத்தில் பொருந்துமா?

பதில்: அப்படியே பொருந்தாது. மிலானில் தண்டவாள இடைவெளி 1,445 மில்லிமீட்டர், இங்கே 1,435. இந்த 10 மில்லிமீட்டர் சின்னதாகத் தெரிந்தாலும் சக்கரங்களில் கை வைத்தாக வேண்டும். மின்சாரத்தில் சிக்கல் இல்லை, இரண்டு ஊரிலும் 600 வோல்ட் நேர்மின்னோட்டம்தான். இங்கே கூரையில் டிராலிக் கம்பம், அதாவது மேற்கம்பியைத் தொட்டு மின்சாரம் எடுக்கும் நீண்ட கழி, வேண்டும், ஏனென்றால் மின்சாரத்தில் ஓடும் டிராலி பஸ்களும் அதே மேற்கம்பியைப் பங்கிட்டுக்கொள்கின்றன. அப்புறம், மிலான் வண்டியை ஒரு முனையிலிருந்துதான் ஓட்ட முடியும். தடத்தின் இரு கோடியிலும் சுற்றி வர வளையம் இருப்பதால் தப்பித்தோம்.

கேள்வி: சியாட்டிலில் இப்படி ஒன்று ஓடியதே, ஏன் நின்றது?

பதில்: அங்கே 1982 முதல் ஓடியவை மெல்போர்ன் டிராம்கள். 2005-ல் சிற்பப் பூங்காவுக்காக அவற்றின் பணிமனையை இடித்தார்கள், சேவையும் நின்றது. வண்டிகளில் குறையில்லை! பாரம்பரிய டிராம் திட்டம் எதுவானாலும் முதலில் பணிமனையைப் பாருங்கள் என்றுதான் சொல்வேன். பழைய வண்டிக்கு ஓயாத பராமரிப்பு வேண்டும்.

கேள்வி: சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கூரையில்லாத, படகு வடிவ டிராமில் ஏறலாமா?

பதில்: ஏறலாம், ஆனால் தினமும் ஓடாது. அது 1934-ல் இங்கிலாந்தின் பிளாக்பூலுக்காகச் செய்தது. மழையில்லாத நாளாகப் பார்த்துத்தான் வெளியே எடுப்பார்கள். குளிருக்குக் கம்பளிச்சட்டை எடுத்துப் போங்கள்.