வகுப்புக்குத் தேவையான பொருட்களைப் பெற்றோரிடம் சங்கடமில்லாமல் கேட்பது எப்படி?

சின்ன வகுப்பு எடுக்கும் புது ஆசிரியர் நீங்கள். பென்சிலும் பசையும் தாளும் பாதி வருடத்திலேயே தீர்ந்துவிடுகின்றன, பெற்றோரிடம் கேட்டால் தப்பாக நினைப்பார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகக் கேளுங்கள். நானும் சின்னப் பிள்ளைகளுக்குத்தான் பாடம் எடுக்கிறேன், வருடா வருடம் கேட்கிறேன். முடிந்தவர்கள் சந்தோஷமாகவே தருகிறார்கள். எனக்கு இருக்கும் கவலையெல்லாம், யார் வீட்டிலிருந்து வந்தது, யார் வீட்டிலிருந்து வரவில்லை என்பது வகுப்பில் ஒரு பிள்ளைக்கும் தெரியக் கூடாது என்பதுதான்.

முதலில் தலைமையாசிரியரிடம் சொல்லி அனுமதி வாங்கிவிடுங்கள். பணமாக மட்டும் வாங்கவே வாங்காதீர்கள், கணக்கும் ரசீதும் வீண் பேச்சும் கூடவே வந்து சேரும்.

வாட்ஸ்அப் குழுவில் கேட்கலாம், ஆனால் பதிலைக் குழுவில் போட வேண்டாம் என்று அதே செய்தியில் எழுதிவிடுங்கள். ஒருவர் இரண்டு பாக்கெட் தருகிறேன் என்பார், அடுத்தவர் நாலு என்பார், வேலை போய் வீட்டில் இருக்கும் ஒரு அப்பா அதையெல்லாம் படித்துவிட்டு என்ன சொல்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருப்பார். பள்ளி அலுவலகத்தில் ஒரு அட்டைப்பெட்டி வையுங்கள், பெயர் எழுதாமல் போட்டுவிட்டுப் போகட்டும். பிள்ளை கையில் கொடுத்தனுப்பச் சொல்லாதீர்கள். ஆறு வயதுப் பிள்ளை "மிஸ், நான் கொண்டு வந்தேன், அவன் கொண்டு வரலை" என்று சொல்லத்தான் செய்யும், அதில் அதன் தப்பு ஒன்றுமில்லை. நன்றியையும் எல்லோருக்கும் சேர்த்தே சொல்லுங்கள்.

என்ன வேண்டும் என்பதைத் துல்லியமாக எழுதுங்கள். 'மார்க்கர்' என்று மட்டும் போட்டால் பாதிப் பேர் அழியாத மார்க்கரை வாங்கி வந்துவிடுவார்கள், 'வெள்ளைப் பலகையில் எழுதி அழிக்கும் மார்க்கர்' என்று முழுசாக எழுதுங்கள். (தெரியாமல் அழியாத மார்க்கரில் எழுதிவிட்டால் பதற வேண்டாம், அதன் மேலேயே சாதா பலகை மார்க்கரால் எழுதி உடனே துடைத்தால் பெரும்பாலும் போய்விடும்.) கிரேயான் என்றால் நச்சுத்தன்மை இல்லாதது என்று குறிப்பிடுங்கள், சின்னது வாயில் வைக்கும். வாசனை போட்ட பேனா, பசை எதுவும் வேண்டாம் என்றும் சொல்லுங்கள், மூச்சிரைப்பு இருக்கும் பிள்ளைகளுக்குச் சில வாசனைகள் ஒத்துக்கொள்ளாது.

காசு செலவில்லாத பொருட்களையும் கண்டிப்பாகச் சேருங்கள், என்னைக் கேட்டால் அவற்றைத்தான் முதலில் எழுத வேண்டும். ஒரு பக்கம் அச்சான தாள், பழைய செய்தித்தாள், அட்டைப்பெட்டி, எண்ணிப் பழகப் பாட்டில் மூடி, பழைய மாதக் காலண்டர். காலண்டரில் எண்களை வெட்டி எடுத்து வரிசைப்படுத்தச் சொல்லலாம், பின்பக்கம் முழுக்கப் படம் வரையலாம். இப்படிக் கேட்டால் கையில் காசு இல்லாத வீட்டிலிருந்தும் ஏதாவது வரும், கொடுத்தோம் என்ற நிறைவு அவர்களுக்கும் கிடைக்கும்.

பள்ளி திறக்கும் வாரத்தில் மட்டும் கேட்காதீர்கள், அப்போதுதான் புத்தகம், சீருடை, பை என்று வீட்டில் எல்லாச் செலவும் ஒன்றாக வந்து நிற்கும். கொஞ்ச நாள் கழித்து, எது தீர்ந்துபோகிறது என்று பார்த்துவிட்டுக் கேளுங்கள்.

நான் அனுப்புவது கிட்டத்தட்ட இப்படி இருக்கும்: "வணக்கம். வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் பொதுவாகப் பயன்படுத்தச் சில பொருட்கள் தேவைப்படுகின்றன, பட்டியல் கீழே. விருப்பமும் வசதியும் இருந்தால் அலுவலகத்தில் உள்ள பெட்டியில் போடலாம், பெயர் வேண்டாம். தர முடியாவிட்டால் ஒன்றும் பரவாயில்லை, எந்தப் பிள்ளைக்கும் எதுவும் குறையாது." அந்தக் கடைசி வரியை எழுதினால் அதைக் காப்பாற்றவும் வேண்டும், வந்ததை எல்லாம் பொதுப் பெட்டியில் கொட்டி எல்லா மேசைக்கும் பிரித்துக் கொடுங்கள்.

ஒரு தடவை நினைவூட்டலாம், அதற்கு மேல் வேண்டாம். அப்புறமும் பற்றாக்குறை என்றால் மாதா மாதம் எது எவ்வளவு செலவாகிறது என்று குறித்துவைத்து நிர்வாகத்திடம் எழுத்தில் கொடுங்கள், வகுப்புக்குத் தேவையானதை வாங்கித் தருவது முதலில் பள்ளியின் பொறுப்புதான்.