கர்னல் சிப்தார்ப் வெறும் கோமாளியா?

வணக்கம்.

1851 லண்டன் கண்காட்சி பற்றிய உங்கள் கட்டுரையில் கர்னல் சிப்தார்ப் என்ற எம்.பி. வருகிறார். ரயிலை எதிர்த்தார், நூலகத்தை எதிர்த்தார், கண்காட்சியையும் எதிர்த்தார் என்று ஒரே வரியில் அவரை முடித்துவிட்டீர்கள். தேடிப் பார்த்தேன். எங்கும் கேலிக்கதைகள்தான் கிடைக்கின்றன. வரலாற்றில் இப்படிப்பட்ட ஆளுக்கு ஏதாவது இடம் உண்டா? இவருடைய தொகுதியான இங்கிலாந்தின் லிங்கன் நகரத்துக்காரர்கள் இவரை எப்படித் திரும்பத் திரும்ப ஜெயிக்க வைத்தார்கள்?

கே.

அன்புள்ள கே.,

கேலிக்கதைகளில் பெரும்பகுதி உண்மைதான். 1850இல் பொது நூலக மசோதா வந்தபோது, தனக்கு வாசிப்பே பிடிக்காது, ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த காலத்திலேயே அதை வெறுத்ததாக அவையில் எழுந்து சொன்னவர் அவர். கண்காட்சிக்காக ஹைட் பார்க் பூங்காவில் எழுந்த கண்ணாடி மாளிகையின் மேல் ஆலங்கட்டி மழையோ இடியோ விழட்டும் என்று வேண்டிக்கொண்டார். பெரிய கிருதாவும் ஒற்றைக் கண்ணாடியுமாக ‘பஞ்ச்’ என்ற நகைச்சுவைப் பத்திரிகைக்காரர்களுக்கு வாராவாரம் தீனி போட்ட முகம். ஹைட் பார்க்கின் எல்ம் மரங்களை வெட்டக் கூடாது என்று அவரும் வேறு பலரும் போட்ட சத்தத்துக்கு மட்டும் பலன் இருந்தது. மாளிகையை வடிவமைத்த ஜோசப் பாக்ஸ்டன் நடுவில் வளைவுக் கூரை எழுப்பி, மரங்களை அப்படியே கண்ணாடி மாளிகைக்குள் நிற்க வைத்தார். உள்ளே போய்ப் பார்த்தவர்கள் அறுபது லட்சம். கர்னல் போகவே இல்லை என்பார்கள்.

ஆனால் ஓர் எம்.பி.யை அவர் பேச்சை வைத்து மட்டும் எடைபோடக் கூடாது. சபையில் எதை நிறைவேற்றினார் என்று பார்க்க வேண்டும். சிப்தார்ப் கணக்கில் இரண்டு விஷயங்கள் தேறும். இரண்டும் சின்ன விஷயமில்லை.

முதலாவது 1831இல். ஓட்டுரிமையை விரிவாக்கும் நாடாளுமன்றச் சீர்திருத்த மசோதாவை அவர் அடியோடு வெறுத்தவர். அப்படிப்பட்டவர்தான் அதற்கு ஒரு திருத்தத்தை முன்வைத்தார்: கவுண்டித் தொகுதிகளில், அதாவது நகரங்களுக்கு வெளியே உள்ள மாவட்டத் தொகுதிகளில், ஆண்டுக்கு 50 பவுண்டு குத்தகை கட்டும் விவசாயிக்கும் ஓட்டு கொடுங்கள். கேட்பதற்கு எவ்வளவு முற்போக்காக இருக்கிறது! தீவிரச் சீர்திருத்தக்காரர்கள் சிலரே ஆதரித்தார்கள். ஆனால் இந்தக் குத்தகைதாரர்களில் பெரும்பாலோருக்கு நிலைத்த ஒப்பந்தம் எதுவும் கிடையாது. நிலச் சொந்தக்காரர் காலி செய்யச் சொன்னால் காலி செய்ய வேண்டியதுதான். ரகசிய வாக்கெடுப்பு வந்தது 1872இல். அதுவரை எல்லோர் முன்னாலும் பெயரைச் சொல்லித்தான் ஓட்டுப் போட வேண்டும். குத்தகைதாரர் யார் பெயரைச் சொல்லுவார்?

சிப்தார்ப் ஆரம்பித்த இந்தத் திருத்தத்தைச் சாந்தோஸ் மார்க்விஸ் என்ற பிரபு கையில் எடுத்துக்கொண்டார். 84 வாக்கு வித்தியாசத்தில் அது நிறைவேறியது. இன்று வரலாற்றுப் புத்தகங்களில் அது ‘சாந்தோஸ் பிரிவு’தான். மார்க்விஸ் ஒரு டியூக்கின், அதாவது மிக உயர்ந்த பட்டமுள்ள பிரபுவின், மகன். சிப்தார்ப்போ பட்டம் ஏதும் இல்லாத கிராமத்து நிலக்கிழார். பெயர் யாருக்குப் போகும் என்பதில் என்ன ஆச்சரியம்! ஆனால் மசோதா 1832இல் சட்டமான பிறகும் கவுண்டித் தொகுதிகள் நிலச் சொந்தக்காரர்களின் பிடியில் இருந்ததற்கு அந்தப் பிரிவு ஒரு முக்கியக் காரணம். நூலக மசோதாவில் உளறியவருக்கு, நிலம் ஓட்டாக மாறும் கணக்கு மட்டும் தலைகீழாகத் தெரிந்திருந்தது. அவரைக் கோமாளி என்று ஒதுக்கினால் இந்தக் கெட்டிக்காரத்தனம் கண்ணில் படாமல் போய்விடும்.

இரண்டாவது 1840இல். விக்டோரியா ராணியின் கணவராக வரப்போகும் ஆல்பர்ட்டுக்கு ஆண்டுக்கு 50,000 பவுண்டு தரலாம் என்றது அரசு. 30,000 போதும் என்று திருத்தம் கொண்டுவந்தார் சிப்தார்ப். எதிர்க்கட்சித் தலைவர் பீல் ஆதரித்தார், அரசு தோற்றது. ராணிக்குக் கடும் கோபம். இவர் எம்.பி.யாக இருக்கும்வரை லிங்கனில் கால் வைக்க மாட்டேன் என்று அவர் மறுத்ததாகவும் ஒரு கதை உண்டு. கண்காட்சியும் ஆல்பர்ட்டின் கைவண்ணம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், கர்னலின் பதினோரு வருடப் பகையில் ஒரு தொடர்ச்சி தெரியும். வெளிநாட்டுக்காரர் என்றாலே அவருக்கு ஆகாது, அது வேறு விஷயம்.

லிங்கன்காரர்கள் எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்று கேட்டிருந்தீர்கள். லிங்கனில் நின்று தெற்கே பார்த்தால் கான்விக் மேடு தெரியும். அங்கேதான் குடும்பத்தின் மாளிகை. அப்பா ஹம்ஃப்ரி லிங்கன் எம்.பி. அண்ணன் கோனிங்ஸ்பியும் லிங்கன் எம்.பி. 1822இல் அண்ணன் இறந்தபோது சொத்து தம்பிக்கு வந்தது, 1826இல் தொகுதியும் வந்தது. எம்.பி.க்குச் சம்பளமே கிடையாத காலம் அது, 1911 வரை அப்படித்தான். அதோடு நகரத் தொகுதியில் நிற்கவே ஆண்டுக்கு 300 பவுண்டு நில வருமானம் காட்ட வேண்டும். போட்டியிடக்கூடியவர்கள் பட்டியலே அந்த வட்டாரத்தில் சில குடும்பங்களோடு முடிந்துவிடும்.

பணமும் பரம்பரையும் மட்டுமே காரணம் என்றும் சொல்ல மாட்டேன். 1832இல் புதிய சட்டத்தின் கீழ் நடந்த முதல் தேர்தலில் அவர் தோற்றார். ஜெயித்த இருவரில் ஒருவர் நாவலாசிரியர் புல்வர். 1835இல் திரும்ப வந்தவரைச் சாகும்வரை யாராலும் அசைக்க முடியவில்லை. மந்திரி பதவி எதையும் அவர் வகித்ததில்லை. வெளிநாட்டுத் தானியத்துக்கு வரி போட்ட தானியச் சட்டத்தை நீக்கத் துணிந்தபோது தன் கட்சிப் பிரதமர் பீலையே விட்டுவைக்கவில்லை. விலைக்கு வாங்க முடியாத ஆள் என்ற பெயர் அவருக்கு இருந்தது. கருத்து பிடிக்காவிட்டாலும் அந்தக் குணத்துக்கு ஓட்டுப் போட்டவர்கள் இருந்திருப்பார்கள் என்றே நினைக்கிறேன்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். கத்தோலிக்கர்களுக்கு அரசியல் உரிமை கூடாது என்று நின்றவர் கர்னல். அவருடைய சொந்தத் தம்பி ரிச்சர்ட், ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) பாதிரியார். 1841இல் கத்தோலிக்கர் ஆனார், இரண்டே வருடத்தில் பழைய சபைக்கே திரும்பினார். 1865இல் மறுபடி கத்தோலிக்கத்துக்குப் போனார். அந்தக் கடைசித் தாவலைப் பார்க்கக் கர்னல் இல்லை. அவர் 1855 டிசம்பரில் இறந்துவிட்டார். அடுத்த ஆண்டு மகன் ஜெர்வேஸ் அதே லிங்கனுக்கு எம்.பி. ஆனார்.