பெரிய திரை வந்தும் படம் ஏன் மங்குகிறது?

கேள்வி: எங்கள் வீட்டில் பத்தாண்டுகளுக்கு முன் வாங்கிய, டிவிடி பிளேயருடன் கூடிய 5.1 ஹோம் தியேட்டர் (ஐந்து ஸ்பீக்கர்கள், தாழ்ந்த ஒலிக்கென ஒரு சப் ஊஃபர்) இருக்கிறது. அண்மையில் 55 அங்குல ஃபுல் ஹெச்டி டிவி வாங்கினோம். பழைய சிறிய டிவியில் பளிச்சென்று தெரிந்த அதே டிவிடிகள் இதில் மங்கலாகத் தெரிகின்றன. கடைக்காரரோ ஹோம் தியேட்டர் முழுவதையும் மாற்றச் சொல்கிறார். எதிலிருந்து தொடங்குவது?

பதில்: முழுவதையும் மாற்றத் தேவையில்லை, உங்கள் டிவியிலும் கோளாறு இல்லை. டிவிடியில் பதிவாகியிருக்கும் படம், ஒளிபரப்பு முறையைப் பொறுத்து, 720-க்கு 576 அல்லது 720-க்கு 480 புள்ளிகள் கொண்டது. உங்கள் புதிய திரையிலோ 1920-க்கு 1080 புள்ளிகள், அதாவது இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட புள்ளிகள் இருக்கின்றன. கணக்குப் போட்டுப் பார்த்தால், டிவிடி தரும் ஒவ்வொரு புள்ளியையும் வைத்துக்கொண்டு டிவி ஐந்து அல்லது ஆறு புள்ளிகளை நிரப்பியாக வேண்டும். இல்லாத விவரத்தை அது ஊகித்துத்தான் நிரப்புகிறது. பழைய சிறு திரையில் கண்ணில் படாமல் ஒளிந்திருந்த குறையைப் பெரிய திரை காட்டிக்கொடுத்துவிட்டது, அவ்வளவுதான்.

எனவே முதலில் டிவியின் பின்புறம் போய், என்ன ஒயர் செருகியிருக்கிறது என்று பாருங்கள். மஞ்சள், சிவப்பு, வெள்ளை என மூன்று முனைகள் கொண்ட ஒயராக இருந்தால், படம் முழுவதும் அந்த ஒற்றை மஞ்சள் ஒயரில் வெளிச்சமும் நிறமும் ஒன்றாகக் கலந்து வருகிறது என்று பொருள். அதன் வழியாக ஹெச்டி படம் வரவே வராது. இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு: ஹெச்டி செட்டாப் பாக்ஸ் வாங்கி, ஹெச்டி சேனல்களுக்குச் சந்தாவும் கட்டி, பாக்ஸை மஞ்சள் ஒயரில் இணைத்துவிட்டு, "பெரிய வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லையே" என்று குறைப்படும் வீடுகளை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். பச்சை, நீலம், சிவப்பு எனப் படத்துக்கு மட்டுமே மூன்று முனைகள் கொண்ட காம்பொனென்ட் ஒயர் வேறு. அதில் ஹெச்டி வரும். ஆயினும் படத்தையும் ஒலியையும் ஒரே கேபிளில் டிஜிட்டலாகக் கொண்டுவரும் ஹெச்டிஎம்ஐ இருக்கும்போது வேறெதையும் தேட வேண்டியதில்லை.

கேபிளை மாற்றியபின், படம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கவனியுங்கள். செட்டாப் பாக்ஸின் அமைப்புகளில் வெளியீட்டுத் தரம் 1080 என்று இருக்கிறதா என்று பாருங்கள். சில பாக்ஸ்கள் குறைந்த தரத்திலேயே அமைக்கப்பட்டு வருகின்றன. இணையம் வழியாகப் பார்ப்பதானால், ஃபுல் ஹெச்டிக்கு நொடிக்கு 5 மெகாபிட் அளவிலாவது வேகம் தடையின்றிக் கிடைக்க வேண்டும். வட்டுகள் மீது பிரியம் உள்ளவர் நீங்கள் என்று தெரிவதால், ஹெச்டி படங்கள் பதிவான வட்டுகளை ஓட்டும் ஒரு ப்ளூ-ரே பிளேயர் வாங்குவதையே முதல் செலவாகப் பரிந்துரைப்பேன். இரண்டு அடுக்கு டிவிடியில் 8.5 ஜிபி கொள்ளும் என்றால், இரண்டு அடுக்கு ப்ளூ-ரே வட்டில் 50 ஜிபி கொள்ளும். உங்களிடம் உள்ள டிவிடிகளும் அதில் ஓடும். ஹெச்டி ஆகிவிடாது என்றாலும், மஞ்சள் ஒயரில் பார்த்ததைவிட நிச்சயம் தெளிவாக இருக்கும்.

செலவே இல்லாத ஒரு வேலையும் இருக்கிறது. பல டிவிகள் படத்தின் ஓரங்களைச் சிறிது வெட்டிவிட்டு, மீதியை இழுத்துத் திரையை நிரப்புகின்றன. பழைய குழாய் டிவிகளின் காலத்து வழக்கம் இது. இப்படி இழுக்கும்போது ஹெச்டியின் கூர்மை குறைகிறது. டிவியின் அமைப்புகளில், படத்தின் அளவு பற்றிய பகுதியில் 'ஜஸ்ட் ஸ்கேன்', 'ஃபுல் பிக்சல்', '1:1' போன்ற பெயர்களில் ஒன்று இருக்கும்; அதைத் தேர்ந்தெடுங்கள். 'விவிட்' முறையை விட்டு 'சினிமா' முறைக்கு மாறுங்கள். முதல் இரண்டு நாள் நிறம் வெளுத்ததுபோல் தோன்றும். பிறகு பழைய முறைக்குத் திரும்ப மனம் வராது.

கேள்வி: ஹெச்டிக்கு மாறினால் ஸ்பீக்கர்களையும் மாற்ற வேண்டுமா? ஸ்பீக்கர்களை இயக்கும் பெட்டியான எங்கள் ரிசீவரில் ஹெச்டிஎம்ஐ இல்லை. ஒலியை ஒளி வடிவில் கொண்டுவரும் கேபிளுக்கான ஆப்டிகல் துளை மட்டும் இருக்கிறது.

பதில்: ஸ்பீக்கருக்கு ஹெச்டி என்று தனியாக ஒன்றும் இல்லை. ஒலி டிஜிட்டலாக வருவதெல்லாம் ரிசீவர் வரைக்கும்தான். அதன்பின் ஒயரில் போவது எப்போதும் போன்ற மின்னலைகளே. நல்ல நிலையில் உள்ள ஸ்பீக்கர்களை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆப்டிகல் கேபிள் சாதாரண டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் ஆகிய 5.1 ஒலிகளைக் கொண்டுவரும். ப்ளூ-ரே வட்டுகளில் உள்ள டால்பி ட்ரூஹெச்டி, டிடிஎஸ்-ஹெச்டி மாஸ்டர் ஆடியோ என்னும் இழப்பற்ற ஒலி வடிவங்கள் அதன் கொள்ளளவைத் தாண்டியவை. அவற்றுக்கு ஹெச்டிஎம்ஐ உள்ள ரிசீவர் வேண்டும். ஆனால் தொடக்க நிலையில் அந்த வித்தியாசத்துக்காக அவசரப்பட வேண்டாம் என்பது என் கருத்து. ப்ளூ-ரே பிளேயரின் ஹெச்டிஎம்ஐயை டிவிக்கும், ஆப்டிகல் வெளியீட்டை ரிசீவருக்கும் கொடுத்துச் சில மாதங்கள் கேட்டுப் பாருங்கள்.

பின்னாளில் ரிசீவரை மாற்றும்போது ஒரு விஷயத்தில் எச்சரிக்கை தேவை. ஒரே பெட்டியில் முழுத் தொகுப்பாக வந்த ஹோம் தியேட்டர் என்றால், அதன் ஸ்பீக்கர்கள் 3 அல்லது 4 ஓம் தடை கொண்டவையாக இருக்கலாம். பல ரிசீவர்கள் 6 அல்லது 8 ஓமுக்கே தயாரிக்கப்பட்டவை. குறைந்த ஓம் ஸ்பீக்கரை அவற்றில் மாட்டினால் ரிசீவர் சூடேறி நின்றுபோகக்கூடும். அத்தகைய தொகுப்புகளின் சப் ஊஃபருக்குத் தனி மின் இணைப்பும் பெரும்பாலும் இருக்காது. தனி ரிசீவர்களோ மின் இணைப்புள்ள சப் ஊஃபரையே எதிர்பார்க்கின்றன. ஸ்பீக்கரின் பின்புறம் ஒட்டியுள்ள சீட்டைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

கேள்வி: அவசரப்பட்டு ஃபுல் ஹெச்டி வாங்கிவிட்டோமோ என்று தோன்றுகிறது. 4கே வாங்கியிருக்க வேண்டுமா?

பதில்: உட்காரும் தூரத்தை அளந்து பாருங்கள். சராசரிப் பார்வை உள்ளவர், 55 அங்குல ஃபுல் ஹெச்டி திரையிலிருந்து ஏறக்குறைய 2.2 மீட்டருக்கு அப்பால் போய்விட்டால், புள்ளிகளைத் தனித்தனியாகப் பிரித்தறிய முடியாது. மூன்று மீட்டர் தள்ளி உட்காருபவருக்கு 4கே தரும் நான்கு மடங்கு புள்ளிகளால் பெரிய ஆதாயம் இல்லை. 4கே டிவிகளோடு வரும் ஹெச்டிஆர், அதாவது வெளிச்சத்துக்கும் இருளுக்கும் இடையிலான வீச்சை விரிக்கும் வசதி, எவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரியும். ஆனால் திரையில் போதிய வெளிச்சம் இல்லாத மலிவு டிவிகளில் அது பெயரளவிலேயே இருக்கிறது. உங்கள் டிவி அதன் ஆயுள் முடியும்வரை ஓடட்டும்.

கேள்வி: விலை உயர்ந்த ஹெச்டிஎம்ஐ கேபிளில் படம் நன்றாக இருக்குமா?

பதில்: இருக்காது. டிஜிட்டல் சமிக்ஞை முழுமையாக வந்து சேர்ந்தால் படம் ஒன்றுதான். சரியாக வராவிட்டால் திரையில் வெள்ளைப் புள்ளிகள் மின்னும், அல்லது படம் விட்டுவிட்டு மறையும். இரண்டு மீட்டர் தூரத்துக்கு 'ஹை ஸ்பீட்' என்று குறிக்கப்பட்ட எளிய கேபிளே போதும். பத்து மீட்டரைத் தாண்டி, சுவருக்குள் இழுத்துப் புரொஜெக்டருக்குக் கொண்டுபோவதானால் மட்டும் கண்ணாடி இழை கொண்ட ஹெச்டிஎம்ஐ கேபிளை நாடலாம். அதற்குத் திசை உண்டு. ஒரு முனை பிளேயருக்கு, மறுமுனை திரைக்கு. சுவரைப் பூசுவதற்கு முன் ஒருமுறை இணைத்துப் படம் வருகிறதா என்று பார்த்துவிடுங்கள்.