ஆடி மாதத்துச் சம்பளம்

அன்புள்ள சார்,

மயிலாடுதுறை பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. எங்கள் தெருவிலேயே ஒரு காலத்தில் நாயனம் (நாதஸ்வரம்) வாசிக்கும் குடும்பங்கள் மூன்று இருந்தன. இப்போது கோயிலில் மின்சார மேளம்தான். பிள்ளைகளுக்கு இசை சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று வெளியூர்க்காரர்களிடம் 60,000 ரூபாய் திரட்டியிருக்கிறோம். பத்து கீபோர்டு வாங்கலாம் என்கிறார்கள் சிலர். நாதஸ்வரம் என்றால் யார் பிள்ளையை அனுப்புவார்கள் என்றும் கேட்கிறார்கள். ஆடியில் ஆரம்பித்து, தைப்பொங்கலுக்கு மேடையேற்றிவிட ஆசை. உங்கள் யோசனை என்ன?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

கீபோர்டின் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல் பத்து கீபோர்டு வாங்கினால், அடுத்த வருஷம் அவை பழைய துண்டு போர்த்திக்கொண்டு பஞ்சாயத்து அலுவலகப் பீரோ மேல் படுத்திருக்கும். பொருள் வாங்கினால் போட்டோ எடுக்கலாம், ரசீது காட்டலாம், நன்கொடை கொடுத்தவருக்கும் திருப்தி. வாத்தியார் சம்பளத்தை யாரும் போட்டோ எடுப்பதில்லை, அதனால்தான் அதற்குப் பணம் பெயர்வதில்லை.

எங்கள் ஊரில் நாங்களும் இதே தப்பைச் செய்தோம். கோயில் மண்டபத்தில் ஒன்பது பிள்ளைகளோடு நாதஸ்வர வகுப்பு. வாத்தியாருக்கு "வகுப்புக்கு இவ்வளவு" என்று பேசினோம், வந்தால் காசு, வராவிட்டால் இல்லை. தை பிறந்தது, முகூர்த்தம் வந்தது, மனிதர் போய்விட்டார். அவரை எப்படிக் குறை சொல்வது? ஒரு கல்யாணத்தில் கிடைப்பதை நாங்கள் மாதம் முழுக்கச் சேர்த்தாலும் கொடுக்கவில்லை. அவர் திரும்பி வருவதற்குள் ஆறு பிள்ளைகள் டியூஷனுக்குப் போய்விட்டார்கள்.

அதனால் கணக்கைத் தலைகீழாகப் போடுங்கள். ஆடி, புரட்டாசி, மார்கழி மூன்றும் கல்யாணம் இல்லாத மாதங்கள். அம்மன் கோயில் கச்சேரி, விடியற்கால வாசிப்பு என்று கொஞ்சம் வரும், ஆனால் கை கடிக்கும் காலம்தான். அந்த மாதங்களில் சம்பளத்தைக் கூட்டிக் கொடுத்து தினமும் வகுப்பு வையுங்கள், முகூர்த்த மாதங்களில் வாரம் இரண்டு நாள் போதும், மூத்த பிள்ளை ஒன்று சின்னவர்களைப் பார்த்துக்கொள்ளும். சராசரி மாதம் 4,000 என்றாலும் வருஷத்துக்கு 48,000. இது பெரிய சம்பளமில்லை, ஆனால் தேதி தவறாமல் வந்தால் அதற்கு ஒரு மரியாதை உண்டு. மீதி 12,000? நாதஸ்வரத்தில் வாய் வைத்து ஊதும் சீவாளிக்கு, தவில் தோலுக்கு.

சீவாளியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியே ஆகவேண்டும், ஏனென்றால் பட்ஜெட் போடுகிறவர்கள் யாரும் அதை நினைப்பதே இல்லை. நாணலில் செய்த துண்டு, விரல் நுனி அளவுதான் இருக்கும், ஊறவைத்து உதட்டில் வைத்தால்தான் பேசும். பிள்ளைகள் கையில் அது சீக்கிரம் பிளக்கும். எங்கள் வகுப்பில் ஒரு பையன் பிளந்த சீவாளியை யாரிடமும் சொல்லாமல் இரண்டு வாரம் ஊதினான், காற்று மட்டும் வந்தது. தனக்குத்தான் வராது என்று நினைத்துக்கொண்டான் பாவம். புதுசு கேட்டால் காசு கேட்பார்களோ என்று பயம். நரசிங்கம்பேட்டையில் ஆச்சா மரத்தில் கடைந்த நல்ல நாயனத்தையே (2022ல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு) கையில் கொடுத்தாலும் சீவாளி போனால் அது வெறும் கட்டை.

சரி, யார் பிள்ளையை அனுப்புவார்கள்? அந்தக் கேள்விக்குள் இருப்பது ஜாதி, சுற்றி வளைக்க வேண்டாம். நாதஸ்வர வித்வான் ஷேக் சின்ன மௌலானா ஆந்திராவிலிருந்து வந்து ஸ்ரீரங்கத்தில் குடியேறி, அங்கேயே எத்தனையோ பேருக்குச் சொல்லிக்கொடுத்தவர். உங்கள் தெருவுக்கு மட்டும் என்ன? முதலில் கமிட்டிக்காரர்கள் தங்கள் பிள்ளைகளை அனுப்பட்டும். பெண் பிள்ளைகளையும் சேருங்கள், தவிலுக்கும்தான்.

உங்கள் வகுப்பு எல்லாவற்றையும் சாதிக்க வேண்டியதில்லை. மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் தமிழ்நாட்டில் 17 இருக்கின்றன, உங்களுக்குச் சீர்காழி பக்கம், திருவாரூரும் உண்டு. நாதஸ்வரம், தவில், தேவாரம் எல்லாம் மூன்று வருஷப் படிப்பு, 12 வயதிலிருந்து சேர்ப்பார்கள். வருஷம் இரண்டு பிள்ளைகள் அங்கே போய்ச் சேருகிற அளவுக்குத் தயார் செய்தால் அந்த 60,000 வீண் போகவில்லை.

தை மேடையை விட்டுவிடுங்கள். ஆறு மாதத்தில் நாதஸ்வரத்தில் மேடையேற்றினால் ஊர் சிரிக்கும், பிள்ளை அப்புறம் அதைத் தொடமாட்டான். முதல் மாதம் சத்தம் மட்டுமே வரும். பக்கத்து வீட்டார் சண்டைக்கு வருவார்கள், எனவே குளக்கரை மண்டபம் மாதிரி இடமாகப் பாருங்கள்.

ஒன்று கேட்க மறந்தேன். அந்த மூன்று நாயனக் குடும்பங்களில் யாராவது இன்னும் ஊரில் இருக்கிறார்களா? கடிதத்தில் இல்லை. இருந்தால், கீபோர்டா நாயனமா என்று நீங்கள் கூடிப் பேசும் அடுத்த கூட்டத்துக்கு அவரைக் கூப்பிடுங்கள். நாற்காலி போட்டு உட்காரவைத்து, சம்பளம் எவ்வளவு என்று அவரிடமே கேளுங்கள்.