செராமிக் பிரேக் எத்தனை காலம் உழைக்கும்? மலைப்பாதைக்கு அது தேவையா?

ஸ்போர்ட்ஸ் கார் வாங்கும்போது பெருந்தொகை கூடுதலாகக் கொடுத்துப் பொருத்திக்கொள்ளும் செராமிக் பிரேக், காரின் ஆயுள் முழுவதும் மாற்றாமலே உழைக்கும் என்கிறார்களே, அது உண்மையா, அடிக்கடி ஊட்டிக்கு ஏறி இறங்கும் ஒருவர் அதற்குச் செலவு செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். குன்னூரில் ஒர்க் ஷாப் வைத்திருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: சாலையில் மட்டும் ஓட்டினால் அது மிக நீண்ட காலம் உழைக்கும், ஆனால் மலை இறக்கத்தை மட்டும் மனத்தில் வைத்து அதை வாங்க வேண்டியதில்லை.

சக்கரத்தோடு சுழலும் வட்டத் தகடுதான் டிஸ்க்; பிரேக்கை மிதித்ததும் அதை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் கட்டைதான் பேட். சாதாரணக் கார்களுக்குக் கடையில் கிடைக்கும் ‘செராமிக் பேட்’ வேறு, நீங்கள் கேட்கும் கார்பன் செராமிக் டிஸ்க் வேறு. முன்னது சில ஆயிரம் ரூபாயில் முடிந்துவிடும். பின்னதை 2000-ஆம் ஆண்டுவாக்கில் போர்ஷே தன் 911 வரிசையில் கொண்டுவந்தது. 2002-இல் வந்த ஃபெராரி என்ஸோவில் அதுவே அடிப்படைப் பொருத்தமாக இருந்தது. அமெரிக்காவில் இன்றைய 911 ஒன்றுக்கு இதைக் கேட்டு வாங்கினால் 9,000 டாலருக்கு மேல் கூடுதலாகும். பின்னால் மாற்ற நேர்ந்தால் ஒரு டிஸ்க்குக்கே பல ஆயிரம் டாலர் ஆகும். நம் நாட்டில் இறக்குமதி வரியும் சேர்ந்துகொள்ளும்.

இந்த விலைக்குக் காரணம் செய்முறைதான். வார்ப்பிரும்பு டிஸ்க் என்றால், இரும்பை உருக்கி அச்சில் ஊற்றிக் கடைந்தால் வேலை முடிந்தது. கார்பன் செராமிக் டிஸ்க்குக்கு, நறுக்கிய கார்பன் இழைகளைப் பிசினோடு கலந்து அச்சில் அழுத்தி, காற்றுப் புகாத உலையில் ஏறத்தாழ 1,000 டிகிரி வரை சூடேற்றிப் பிசினையும் கார்பனாக்குகிறார்கள். பிறகு 1,414 டிகிரியில் உருகும் சிலிக்கானை அதைவிட அதிகமான வெப்பத்தில் அதன் நுண்துளைகளுக்குள் இறங்கச் செய்கிறார்கள். அது அங்கிருக்கும் கார்பனோடு வினைபுரிந்து சிலிக்கான் கார்பைடாக மாறுகிறது. அந்தப் பொருள் அவ்வளவு கடினமானது என்பதால் அதை வைரம் பதித்த கருவியால்தான் கடைய முடியும். இத்தனைக்கும் பிறகு கிடைக்கும் டிஸ்க், அதே அளவுள்ள இரும்பு டிஸ்க்கின் எடையில் ஏறத்தாழப் பாதிதான் இருக்கும். சக்கரத்தோடு சுழலும் எடை குறைவதால் ஸ்டியரிங் இலகுவாவதும், சாலை மேடுபள்ளங்களை சஸ்பென்ஷன் நன்றாக வாங்கிக்கொள்வதும் ஓட்டுபவருக்கு உண்மையாகவே தெரியும்.

இரும்பு டிஸ்க் உராய்ந்து உராய்ந்து மெலிகிறது. அதன் தடிமனை அளந்தால் ஆயுள் தெரிந்துவிடும். செராமிக் டிஸ்க் சாலை ஓட்டத்தில் அப்படி மெலிவதே அரிது. அதன் ஆயுளைத் தின்பது வெப்பம். சுமார் 400, 500 டிகிரிக்கு மேல் போகும்போது உள்ளிருக்கும் கார்பன் இழை காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து கொஞ்சம் கொஞ்சமாக எரிந்து போகிறது. தடிமன் அப்படியே இருக்க, எடை மட்டும் குறைந்துகொண்டே வரும். அதனால்தான் பல தயாரிப்புகளில் டிஸ்க்கின் நடுப்பகுதியில் குறைந்தபட்ச எடையைப் பொறித்திருக்கிறார்கள். கோவை செட்டிபாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே போன்ற பந்தயத் தடத்தில் அடிக்கடி சுற்றுபவருக்கு ‘காரின் ஆயுள் முழுவதும்’ என்ற பேச்சு பொருந்தவே பொருந்தாது. வெளிநாடுகளில் தடத்தில் ஓட்டுபவர்கள் பலர் செராமிக்கைக் கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டு இரும்பு டிஸ்க் போட்டு ஓட்டுகிறார்கள்; அது மிகவும் அறிவார்ந்த செயல் என்பது என் எண்ணம்.

இன்னொரு ஆபத்து, டயர் கழற்றும்போது வருவது. பெங்களூரிலிருந்து வந்த ஒருவரின் காரில், வழியில் பஞ்சர் பார்த்த இடத்தில் கனமான அலாய் வீல் நழுவி டிஸ்க்கின் விளிம்பில் மோதி, அங்கே சில்லு பெயர்ந்திருந்தது. வழிகாட்டி ஊசிகளை போல்ட் துளையில் திருகிக்கொண்டு, அவற்றின் மேலாகத்தான் வீலை வெளியே இழுக்க வேண்டும். இதைத் தெரியாத கையில் அந்தக் காரைக் கொடுக்கவே கூடாது.

இனி மலைக்கு வருகிறேன். 2,240 மீட்டர் உயரத்திலுள்ள ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் வரை ஏறத்தாழ 1,900 மீட்டர் இறக்கம். ஒன்றரை டன் எடையுள்ள கார் அவ்வளவு இறங்கும்போது ஏறக்குறைய 2.8 கோடி ஜூல் ஆற்றலைக் கழித்தாக வேண்டும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் அதே காரை 48 முறை முழுமையாக நிறுத்துவதற்கு இது சமம். அவ்வளவையும் பிரேக்கே வாங்கினால், டிஸ்க் எதுவானாலும் வெப்பம் பேட் வழியாக, அதை அழுத்தும் காலிபருக்குள் இறங்கி பிரேக் ஆயிலைக் கொதிக்க வைக்கும். டாட் 4 என்ற தர வகையைச் சேர்ந்த புதிய பிரேக் ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி. ஈரத்தை உறிஞ்சிய பழைய ஆயிலுக்கு அது 155 வரை இறங்கிவிடலாம். இரண்டு பருவமழையும் மூடுபனியும் உள்ள இந்த ஊரில் ஈரத்துக்குக் குறைவில்லை. ஆயில் கொதித்து ஆவியானால் பெடல் தரையைத் தொடும். அப்போது செராமிக் டிஸ்க் காப்பாற்றாது. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும், 36 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கல்லட்டிப் பாதையில், ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும் என்று எங்கள் ஓட்டுநர்கள் வற்புறுத்துவது இதனால்தான். ஆட்டோமேட்டிக் கார் என்றாலும் மேனுவல் முறைக்கு மாற்றி இரண்டாவது கியரில் இறங்குங்கள். சுமையில் பெரும்பகுதியை இன்ஜின் ஏற்றுக்கொள்ளும்.

செராமிக்குக்கு இங்கே ஒரு நன்மை உண்டு: இரவு மழைக்குப் பின் இரும்பு டிஸ்க்கில் படரும் துரு இதில் வராது. ஆனால் நனைந்திருக்கும்போது முதல் மிதியில் பிடிப்பு சற்றுத் தாமதமாகலாம் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பழைய கார் வாங்குவதாக இருந்தால், நான்கு டிஸ்க்குகளையும் கழற்றி எடைபோட்டு, பொறித்துள்ள எடையோடு ஒப்பிட்டு எழுதித் தரும்படி, விலை பேசுவதற்கு முன்பே கேளுங்கள். விற்பவர் அதற்கு இசையவில்லையென்றால், டிஸ்க் மாற்றும் செலவை விலையிலிருந்து கழித்துக்கொண்டு பேசுங்கள்.